ஏணி வேணாம்

செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் ஜோடியாக வைக்கிறார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்க்கிறார். திரைச்சீலை மாட்டக் கூப்பிட்ட வீட்டுக்காரர் மூச்சு வாங்க ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் மேலே ஏறிக் கம்பியில் வளையங்களைக் கோக்கத் தொடங்கியிருப்பார். "ஏணி வேணாம்" என்பார், பற்களுக்கு நடுவே கடித்திருக்கும் குண்டூசிகளின் வழியாக. இன்னொரு தடவை சொல்லும்போது அதில் ராகம் சேர்ந்திருக்கும். அப்புறம் அது பாட்டு.

திரைச்சீலை தைப்பதும், தைத்ததை வீடு வீடாகப் போய் மாட்டிக்கொடுப்பதும் அவருடைய தொழில். எல்லோருக்கும் அவர் 'கர்ட்டன் அக்கா'. வயது அறுபதை நெருங்கினாலும் அக்காதான். 'பெரியம்மா' என்று வாய்தவறிக் கூப்பிட்ட கடைக்காரரிடம் துணி எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஆள் நல்ல குள்ளம். "உயரத்துல பிடிச்சதை வாயில சேர்த்துக் குடுத்துட்டாரு கடவுள்" என்று அவரே சொல்வார். யாராவது சிரித்தால் முறைப்பார்.

பாட்டு வந்த கதை வேடிக்கையானது. கல்யாணமான புதிதில் கணவர் பழைய டேப் ரிக்கார்டர் ஒன்றை வாங்கி வந்தார். அதற்குள் யாரோ எடுக்க மறந்த கேசட் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு ராக் இசைக்குழு. கணவர் கேட்டுவிட்டு, "வெண்கலக் கடையில யானை புகுந்த மாதிரி இருக்கு, தூக்கிப் போடு" என்றார். அக்கா போடவில்லை. அந்த டிரம்ஸ் அடியும் தையல் மிஷினில் தன் கால் போகிற வேகமும் ஒன்றாக இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். பாஷை புரியவில்லை. ஆனால் பல்லவியில் பாடகன் தொண்டை கிழியக் கத்தியது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது: ஏணி வேணாம், ஏணி வேணாம். ஏணிக்கு மேல் ஏணி வைத்தாலும் எதுவும் எட்டாத ஒரு பெண்ணுக்கு அது போதுமாக இருந்தது. கணவர் காலமானார், டேப்பும் போயிற்று. பாட்டு போனுக்குக் குடிமாறியது. ஏணி மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் குழு இந்த ஊருக்கு வருகிறது, இதுதான் அவர்களின் கடைசிச் சுற்று என்று தெரிந்ததும் மகள்தான் டிக்கெட் எடுத்தாள். கூடவே ஒரு நிபந்தனை.

"அம்மா, அது ஏணி இல்ல. 'எனிவே, நௌ'. எப்படியோ, இப்போன்னு அர்த்தம்."

"எப்படியோ இப்போவா? அதுக்கா இந்தக் கத்து கத்தறான்? நான் பாடறதுலயாவது ஒரு விஷயம் இருக்கு."

"ஆபீஸ்ல பாதிப் பேர் வர்றாங்கம்மா. அங்க வந்து ஏணி கோணின்னு கத்தி மானத்தை வாங்கிடாதே. வாயைத் திறக்காம உக்காந்து பாரு, என்ன?"

"ம்" என்றார் அக்கா. வாயில் குண்டூசி இருக்கும்போது சொன்ன 'ம்' கணக்கில் சேராது என்பது அவர் கட்சி. பார்ப்பதற்காகவா அவர் போகிறார்? டேப்போடு பாடியாயிற்று, மிஷினோடு பாடியாயிற்று. ஆளோடு சேர்ந்து ஒரு தடவை பாட வேண்டும். இனி அவன் எங்கே வரப்போகிறான்?

மைதானத்தில் கடைசி வரிசை கிடைத்தது. முதுகுக்குப் பின்னால் சுவர். முன்னால் இருந்த வரிசையில் மகளின் அலுவலக இளைஞன் ஒருவன் திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, உங்களுக்குமா இவங்களைத் தெரியும்?" என்றான்.

"எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும் தம்பி. அவங்களுக்குத்தான் என்னைத் தெரியாது."

மகள் செருமினாள். அக்கா வாயை மூடிக்கொண்டார். மேடைக்கு வந்த பாடகனுக்குத் தலையில் முடி இல்லை, தொப்பை இருந்தது. "கிழவனாயிட்டான்ம்மா" என்று மகள் காதோரம் சொன்னாள். "நீ பாடிப் பாரு, அப்பத் தெரியும்" என்றார் அக்கா. ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் வலது கால் மட்டும் புல்தரையை மிதித்து மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தது.

பிறகு அந்த டிரம்ஸ் அடி. மைதானமே எழுந்து நின்றது. அக்காவும் எழுந்தார். எழுந்தும் என்ன, எதிரில் முதுகுகள்தான் தெரிந்தன. எக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் முதுகு தெரிந்தது. பாடகன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். அத்தனை பேரும் பல்லவியைச் சுத்தமாக, பிழையில்லாமல் பாடினார்கள். எப்படியோ, இப்போ. அக்கா தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை மகளுக்குத் தெரியும். சட்டென்று மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மா, வேணாம்."

"ஏணிதானே? எனக்கும் வேணாம்."

கையை விடுவித்துக்கொண்டார். குனிந்து செருப்பைக் கழற்றி, நாற்காலிக்கு அடியில் ஜோடியாக வைத்தார். அதன் முதுகைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். ஏறினார். வாயில் குண்டூசி இல்லை.