எண்ணெய்க் கிணற்றில் தண்ணீர்

அனுமந்தன்பட்டி டீக்கடையில் சுயம்புலிங்கத்துக்குப் பட்டப்பெயர் பிரெண்ட். எங்கோ வட கடலில் எடுக்கிற கச்சா எண்ணெயின் பெயர் அது. அதன் விலையைப் பார்த்துத்தான் உலகத்தில் பாதிப் பேர் தங்கள் எண்ணெய்க்கு விலை வைக்கிறார்கள். இதை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். சும்மா இருந்திருக்கலாம்.

மும்பைக் கடலுக்குள் நிற்கும் இரும்பு மேடையில் அவருக்கு வேலை. ஒரு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. இந்தத் தடவை வீட்டு மாதம் முடியாமல் நீண்டுகொண்டே போனது.

"அண்ணே, பிரெண்ட் கன்னாபின்னான்னு ஏறிருச்சாம்ல?" என்றான் ஈஸ்வரபாண்டி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக் குமுளி மலை ஏறும் ஜீப்காரன். "எனக்கு டீசல் காசுலயே பொழப்பு போச்சு. ஒங்கள மாலை போட்டுக் கூப்புடுவாகளே!"

"கூப்புடுவாக, கூப்புடுவாக." டீ ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்தால், மனைவி முனீஸ்வரி வாசலில் அவருடைய பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். லீவில் வரும்போதெல்லாம் அது மேடையிலேயே பெட்டிக்குள் கிடக்கும்.

"இத எதுக்கு இங்கன கொண்டாந்தீக?"

"நாத்தம் அடிச்சுச்சு. கழுவலாம்னு."

"இத்தன வருசமா மணத்துச்சாக்கும்?"

கடல் வேலை கிடைத்த அன்று, "இனி நீ தோட்டத்து ஜீப்புல ஏற வேணாம்" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னவர் அவர். அதனால்தான் இத்தனை நாளும் வாய் வரவில்லை. இன்று பொய் சொல்லவும் தெம்பில்லை.

"கெணறு தீந்துபோச்சு முனீசு. எண்ணெ வரல, தண்ணிதான் வருது. மேடைய மூடிட்டாக."

"வெல ஏறுதுங்குறாகளே?"

"எண்ணெ இருக்கவனுக்கு ஏறுது."

அவள் கொல்லைப்புறம் பார்த்தாள். புழுதியை மட்டும் கக்கிய போர்வெல் குழாய் அங்கே வாய் பிளந்து நின்றது.

"இங்கன தண்ணி வரலைன்னு கடலுக்குப் போனீக. அங்க தண்ணி வந்துருச்சுன்னு திரும்பி வந்துட்டீக. ஒங்களுக்குன்னு எங்கேயாச்சும் ஒரு கெணறு ஒழுங்கா இருக்கா?"

சிரிப்பு அவளுக்குத்தான் முதலில் வந்தது. அவருக்கும் வந்தது, பாதியில் இருமலாகிப் போனது. அவள் பூட்ஸைக் கழுவிச் சுவரில் கவிழ்த்து வைத்தாள்.

"ஏலக்காட்டுல அட்டை ஜாஸ்தி. நாளைக்குப் போட்டுக்கங்க."

"நீ?"

"எனக்குக் கடி பழக்கந்தான்."

விடிந்ததும் ஜீப்பில் இருவரும் ஏறினார்கள். பூட்ஸ் முனீஸ்வரியின் காலில் இருந்தது, கழன்று விழாமலிருக்க உள்ளே பழந்துணி திணித்து. அவர் ரப்பர் செருப்போடு பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். ஈஸ்வரபாண்டி பூட்ஸைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"அண்ணே, இன்னைக்கு பிரெண்ட்..." என்று இழுத்தான்.

"வண்டிய எடுப்பா" என்றார்.