சிவப்புப் பொட்டுக்கு அந்தப் பக்கம்

நகப்பூச்சில் வைத்த சிவப்புப் பொட்டு அது. காசிமேட்டில் அக்காள் வீட்டுத் தரையில் செய்தித்தாளை விரித்து ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை வைத்திருக்கிறேன். சத்தத்தின் வீரியத்தைக் கூட்டிக் குறைக்கும் அதன் கெயின் திருகின் விளிம்பையொட்டி அந்தப் பொட்டு இன்னும் பளபளக்கிறது. பெட்டியை உப்புக்காற்று தின்றிருக்கிறது, திருகாணிகளில் துரு பூத்திருக்கிறது, வயர்களில் மீன் வாடை. மாமா போன மழைக்கு முன்பே போய்விட்டார். அவருடைய குட்டியானை லோடு வண்டியும் விற்றாகிவிட்டது. இந்தப் பெட்டியையும் தும் தும்மென்று அதிரும் சப்வூஃபர் ஸ்பீக்கரையும் மட்டும் அக்காள் தரமாட்டேன் என்று கழற்றி வைத்துக்கொண்டாள். "சும்மாதான கீது, ஒரு தபா பாட வுடுடா" என்று இன்று கூப்பிட்டாள். வந்தேன். பொட்டைப் பார்த்தேன். செத்தவர் மேல் கோபம் வரக்கூடாது என்பார்கள், எனக்கு வந்தது.

ராயபுரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை, கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டும் தொழில். அக்காள் வீட்டுக்காரர் என்பதால் மாமாவின் வண்டிக்கு நானேதான் எல்லாம் செய்தேன். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் எர்த் கொடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்து, அலையலையாய்க் கிடந்த வயரை ரப்பர் குழாய்க்குள் நுழைத்து மாட்டினேன். பாட்டை முக்கால் சத்தத்தில் வைத்து, கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, குரல் பிசிறுகிற இடம் வந்ததும் ஒரு மயிரிழை பின்னால் வருவேன். அதுதான் அளவு. அதற்கு மேல் வருவது சத்தமல்ல, சூடு. இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கடையைத் தாண்டி முதல் சிக்னல் வருவதற்குள் மாமா அதை முழுசாகத் திருகியிருப்பார். மறுபடி வருவார். மறுபடி குறைப்பேன். கடல் கரைக்கு வந்து திரும்புவதைப் போல அவரும் நானும். யாருக்கும் அலுக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், எனக்கு அலுத்தது.

அவருக்கு ஒரு நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். விடியலில் எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வரை தெருமுனைகளில் கூடைகளோடு நிற்கும் மீன்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு காசிமேட்டு ஏலத்துக்கு வருவது அவர் வேலை. அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வால் தெரியாமல் வரிசை கட்டி நின்று உறுமும். அத்தனை உறுமலில் ஹாரன் கரைந்துபோகும். சப்வூஃபரின் தும் தும் மட்டும் லாரிகளின் வயிற்றுக்குக் கீழாக நழுவி, தெருவுக்குள் போய், டீ குடித்துக்கொண்டிருக்கும் பெண்களின் பாதத்தைத் தட்டும். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே கூடை இடுப்புக்கு ஏறிவிடும். "ஹாரன் அல்லாரு வண்டிலயும் கீது மச்சான். இந்தத் தும்மு நம்ம வண்டில மட்டும்தான் கீது. கொறச்சா அதுங்க வேற வண்டில ஏறிப் பூடும்" என்பார். வாதாட முடியாது.

ஆனால் ஒருநாள் காலை அந்த வண்டியிலேயே ஏறினேன். பின்னால் மீன் விற்கும் அக்காளும் மற்றப் பெண்களும், முன்னால் மாமாவுக்குப் பக்கத்தில் நான். எங்கள் சீட்டுக்கடியில் ஏதோ கருகும் நாற்றம். வண்டியை நிறுத்தச் சொல்லி ஃப்யூஸ் மூடியைத் திறந்தேன். ஃப்யூஸ் இல்லை. அது இருந்த இடத்தில் சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித்தாள், நாலாக மடித்துச் செருகியிருந்தது. ஃப்யூஸ் அடிக்கடி போகிறதாம், அதனால் போகாத ஃப்யூஸ் கண்டுபிடித்தாராம். கீழே தகரத்தில் உரசி வயரின் தோல் இளகியிருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் சீட்டு பற்றியிருக்கும். பின்னால் தார்ப்பாய், அதற்குள் ஏழெட்டுப் பெண்கள், இறங்க ஒரே வழி. சாலையோரத்தில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. மாமா, "இன்னா மச்சான், ஒரு பொகைக்குப் போய் இம்மாம் பேஜார் பண்ற" என்று சிரித்தார்.

அக்காள் சிரிக்கவில்லை. வெள்ளித்தாளை வாங்கிப் பார்த்தாள். "இத்த வெச்சிகினுதான் எங்கள இட்டுகினு வந்தியா? கூட்டத்தோட கொளுத்தவா?" என்று கேட்டாள். அன்று அந்தப் பெண்களில் ஒருத்தியும் ஏறவில்லை, கூடையோடு நடந்தார்கள். மாமா வண்டியை அவர்கள் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார், பாட்டில்லாமல். அவர் முகத்தில் சிரிப்பில்லாததை அன்றுதான் பார்த்தேன். கடைக்குப் போய் வயரை மாற்றி, புது ஃப்யூஸ் மாட்டி, கெயினைச் சரியான இடத்தில் வைத்தேன். அக்காள் நகப்பூச்சு எடுத்துவந்து அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். "இத்தத் தாண்டுன, நீயே தனியா ஏலத்துக்குப் போ."

அதற்குப் பிறகு வண்டியை எப்போது பார்த்தாலும் திருகு பொட்டின்மேல்தான் நின்றது. ஆனால் தும் தும் முன்பு போலவே தெருவைக் குலுக்கியது. பெட்டி பழகிவிட்டது போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்று துருவைத் துடைத்தபோது, பொட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பிளேடால் சுரண்டிய கீறல்கள் தெரிந்தன. கீறலுக்குள் அதே சிவப்பு. உண்மையான பொட்டு அங்கே இருந்திருக்கிறது. மனிதர் அதைச் சுரண்டிவிட்டு, அக்காளின் நகப்பூச்சையே எடுத்து, தனக்கு வேண்டிய இடத்தில் புதுப்பொட்டு வைத்திருக்கிறார்! ஆத்திரத்தில், வயரோடு சேர்ந்து கழன்று வந்திருந்த ஃப்யூஸ் மூடியையும் திறந்தேன், வெள்ளித்தாள் இருக்கும் என்ற நிச்சயத்தோடு. இல்லை. நான் மாட்டிய அதே ஃப்யூஸ். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கம்பி அறுபடாமல் இருந்தது. முழுசாகத் திருகியிருந்தால் அது எப்போதோ போயிருக்கும். ஆக, பொட்டில் ஏமாற்றியவர் இதில் கை வைக்கவில்லை.

ஒரு பேட்டரியில் இணைத்து, கீறல் இருந்த இடத்தில் கெயினை வைத்துப் பாட விட்டேன். சுத்தமான சத்தம், பிசிறே இல்லை. அடுப்படியிலிருந்து அக்காள் வந்தாள்.

"இன்னாடா இது, கொசு பாடுற மாரி கீது?"

"இதுதான் அக்கா சரியான அளவு. மாமா ஒன்ன ஏமாத்திகினு இருந்திருக்காரு, பாரு" என்று கீறலைக் காட்டினேன்.

அவள் கீறலைப் பார்க்கவேயில்லை. என் கையிலிருந்த திருப்புளியை வாங்கி, குனிந்து, கெயினைத் திருப்பினாள். சிவப்புப் பொட்டில் நின்றது. வீட்டின் தகரக் கதவு அதிர ஆரம்பித்தது.

"நகப்பூச்சு பாட்டில எங்க வெப்பன்னு எனக்குத் தெரியாதா? அது எடம் மாறிக் கெடந்த அன்னிக்கே தெரியும்டா" என்றாள்.