ஆமி கவர் போட்ட டெப்

ஃபோன் கவர் விற்கிற தொழில் வேறொன்றுமில்லை. எந்த வீட்டில் யார் எதைப் போட்டு உடைப்பார்கள் என்று முன்பின் தெரியாதவர்கள் வந்து சொல்ல, நின்றுகொண்டே கேட்கிற தொழில். கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. கெம்பஸ் மூடிக் கிடப்பதால் மாத்தளை டவுனில் முதலாளி நஸீர் நானாவின் ஃபோன் கடையில் நிற்கிறேன். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிறவள், வாயும் சும்மா இருக்காது. இங்கே எழுதுவதெல்லாம் ஒரே ஒரு டெப்பை, அதாவது டேப்லட்டைப் பற்றித்தான். அது எங்கள் கடைக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

பெயர்த் தகராறு

எங்களிடம் அதிகம் போகிற சாமான், தடித்த ரப்பரும் கெட்டிப் பிளாஸ்டிக்கும் சேர்ந்து நாலு மூலையும் வீங்கினாற்போல் இருக்கிற கவர். பெட்டியில் 'ஆமர்' என்று இங்கிலீஷில் போட்டிருக்கும். ஆனால் சிங்களத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு அது ஆமி கவர், அதாவது இராணுவக் கவர். ஒரு பொருள் உறுதியானது என்று சொல்ல இந்த நாட்டில் ஆமியை விட்டால் வேறு சொல்லே கிடையாதா என்று எனக்கு ஆத்திரம். வருகிற எல்லோரையும் திருத்துவேன்.

யட்டவத்தயில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிற கணேசன் அண்ணனையும் திருத்தினேன். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தங்கச்சி அனுப்பிய புது டெப்புக்குக் கவர் வாங்க வந்திருந்தார். மூத்த மகள் தர்ஷினி ஏஎல் பரீட்சைக்குப் படிக்கிறாள், உயிரியல் பிரிவு. டியூஷன் மாஸ்டர் பாடங்களை வீடியோவாக அனுப்புகிறார், அதற்காகத்தான் டெப். அவளுக்குக் கீழே இரண்டு பையன்கள். "ஆமி இல்லைங்க, ஆமர். கவசம்னு அர்த்தம்" என்றேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "எங்க வீட்டு ரெண்டு பேரையும் நீங்க பார்க்கல தங்கச்சி, அவனுங்களுக்கு ஆமிதான் சரி."

நானாவின் செய்முறை

கவரைப் போட்டு முடித்தேன். அவருக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை. நஸீர் நானா டெப்பை என் கையிலிருந்து வாங்கி, தலைக்கு மேலே தூக்கி, சீமெந்துத் தரையில் விட்டார். கணேசன் அண்ணன் பாய்ந்து குனிந்தார். எடுத்துப் பார்த்தால் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்தவர் சாமானை அவர் அனுமதி இல்லாமல் எப்படிப் போடலாம் என்று நான் நானாவோடு வாதாடத் தொடங்கிவிட்டேன். உரிமை, சம்மதம், நுகர்வோர் பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் இழுத்தேன். அவரோ ரசீது எழுதிக்கொண்டே, "வாதாடுறதுக்கு கெம்பஸ் இரிக்கி புள்ள, இங்க சாமான் வித்தா போதும்" என்றார். கணேசன் அண்ணன் அப்போதுதான் மூச்சு விட்டார்: "நெஞ்சுக்குப் போடுற கவர் இருந்தா அதையும் ஒண்ணு குடுங்க நானா."

சத்தம் வரவில்லை

கொஞ்ச நாள் கழித்து அதே டெப்போடு வந்தார். சத்தம் வரவில்லையாம். கவரில் ஸ்பீக்கருக்கு விட்டிருக்கும் துவாரங்களைப் பார்த்தேன். பிஸ்கட் தூள், ஜாம், ஏதோ ஒரு பச்சைக் களிமண். ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன். கவரின் முதுகில் சரளைக் கல் உராய்ந்த தடம். யாரோ அதன் மேல் உட்கார்ந்து மண்மேட்டில் சறுக்கியிருக்கிறார்கள்.

"தர்ஷினி படிக்கிறப்போ சாப்பிடுவாளா அண்ணே?" என்றேன், எனக்குப் பதில் தெரிந்தே. அவர் சத்தத்தைக் கூட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "அவ எங்க இப்ப தொடுறா, பசங்கதான் வச்சிருக்கானுங்க, உடையாதுன்னு ஆனப்புறம் யார் கையில இருந்தா என்ன?"

கழற்றச் சொன்னவள்

அடுத்த முறை டெப் ஒரு பள்ளிக்கூடப் பையில் வந்தது. வெள்ளைச் சீருடையில் தர்ஷினி. கவரைக் கழற்றித் தரச் சொன்னாள். பிழையா என்றேன், இல்லை. வேறு நிறமா, இல்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை, வெறுமனே கழற்ற வேண்டும்.

நானா குறுக்கிட்டார். வாங்கியது தகப்பன், அவரிடம் கேட்காமல் கழற்றக் கூடாது, நாளைக்கு விழுந்து நொறுங்கினால் பழி கடைக்கு. "டெப் யாருக்காக வந்தது நானா?" என்று நான் எகிறினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஃபோனை எடுத்துக் கணேசன் அண்ணனைக் கூப்பிடப் போனார். நான் மூலைகளை நெம்பத் தொடங்கினேன். அந்தக் கவர் லேசில் கழலாது. நெம்பிக்கொண்டே, ஏன் என்று மறுபடி கேட்டேன். பாடங்கள் சேர்ந்து போய்க் கிடக்கின்றன, தம்பிமார் விடும்போது சார்ஜ் முடிந்திருக்கும் என்றாள். பிறகு மெதுவாக: "உடையிற சாமானா இருந்தப்பதான் அக்கா அது என் கையில இருந்துச்சு."

சத்தம் போடாதவள்

கணேசன் அண்ணன் பஸ் ஸ்டாண்டில் ஹயருக்கு ஏற்றிய ஆளை இறக்கிவிட்டு வந்தார். கவர் ஒரு பக்கம், டெப் ஒரு பக்கம், நடுவில் மகள். அவர் கோபப்படவில்லை. கோபம் எனக்குத்தான். பரீட்சை யாருக்கு, கார்ட்டூன் யாருக்கு, வீட்டில் கவனமாக இருக்கிற பிள்ளைக்கு இதுதான் தண்டனையா என்று மூச்சு விடாமல் கேட்டேன். நானாகூடத் தடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாதா தங்கச்சி," என்றார். "நாள் முழுக்க ஓடிட்டு வீட்டுக்குப் போனா அவனுங்க ரெண்டு பேரும் கத்துறானுங்க. இவ கத்த மாட்டா. அவ்வளவுதான்."

அதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது. ஆனால் தர்ஷினி முந்திக்கொண்டாள். டெப்பைப் பார்த்தபடியே, குரலை உயர்த்தாமல், "கத்துனா தருவீங்களாப்பா?" என்றாள்.

வெளியே ஒரு பஸ் கொண்டக்டர் தம்புள்ள, தம்புள்ள என்று கூவிக்கொண்டிருந்தார். கணேசன் அண்ணன் டெப்பைக் கையில் எடுத்தார். கவர் இல்லாமல் அது எவ்வளவு மெலிசு என்று அவருக்கு மறந்தே போயிருக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்தார். மகளின் பையைத் திறந்து, கொப்பிகளுக்கு நடுவே அவரே வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். கவரை நானாவின் பக்கம் தள்ளிவிட்டார்: "பரீட்சை முடியிற வரைக்கும் இது இங்க கெடக்கட்டும் நானா, பசங்க கேட்டா கடைக்காரப் பொண்ணு பிச்சிட்டான்னு சொல்லிக்கிறேன்."

ஆகவே, கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களே, இப்போதெல்லாம் கவர் கேட்டு வருகிறவரிடம் மொடல் என்ன என்று கேட்பதற்கு முன்னால் அது வீட்டில் யார் கையில் இருக்கும் என்று கேட்கிறேன், நானாவின் வியாபாரமும் அதற்கேற்ற வேகத்தில்தான் நடக்கிறது.