ஸ்டிக்கர் ஒட்டிய கட்டளை

நாவற்குடாவில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். வாவிக்கரைக் காணிகளின் வரைபடங்கள் அங்கே கணினியில் கிடக்கின்றன. அவற்றைப் பராமரிப்பவர் சர்மிலா. கோபம் அவருடைய பிறவிக்குணம் அல்ல. வேலையில் சேர்ந்த பிறகு பழகிக்கொண்டது.

மாரிவெள்ளம் ஏறிய காலை அது. முகத்துவாரத்து மணலை வெட்டி வாவி நீரைக் கடலுக்கு விடுவதா என்று பின்னேரக் கூட்டத்தில் முடிவாக வேண்டும். எந்த வட்டை, அதாவது எந்த வயற்பரப்பு, நீருக்குள் கிடக்கிறது என்று படம் காட்டினால்தான் வெட்டுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

கதிர்காமத்தம்பி என்ற விவசாயி தொலைபேசியில் வந்தார்.

“மகள், படம் முடிஞ்சிட்டா? வட்டைக்குள்ள தோணி விடலாம் போல கிடக்கு.”

“இந்தா முடியுது ஐயா.”

முடியவில்லை. வயல்களையும் வெள்ளத்தையும் கொடுத்து, மூழ்கிய வயல்களைப் பிரித்துக் காட்டும் ‘வெள்ளவயல்’ என்ற கட்டளையை ஓடவிட்டார். அந்தப் பெயரில் இரண்டு இருக்கின்றன, எதைக் கேட்கிறீர்கள் என்று தரவுத்தளம் நின்றுவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று அங்கே ஒத்துக்கொள்கிற ஒரே பிறவி அதுதான். சர்மிலா அதையே திட்டினார்.

வயல் அட்டவணையில் பிழை தேடினார், இல்லை. கட்டளைகளை வரிசையாகக் காட்டச் சொன்னபோதுதான் தெரிந்தது. ஒன்று, உதவிப்பணத்தோடு வந்து முடிந்துபோன திட்டத்தார் எழுதியது; நீர்மட்டத்தைச் சொல்லாவிட்டால் தானே ஒன்றைப் போட்டுக்கொள்ளும். மற்றது இந்தத் திட்டத்தார் எழுதியது. நீர்மட்டத்தோடு ஆண்டையும் தானே போட்டுக்கொள்ளும். வெறும் வயலும் வெள்ளமும் கொடுத்தால் இரண்டுமே வேலைக்கு முன்வரும்.

“பழையத அழிக்கப் போறன் சேர்.”

பொறுப்பாளர் சுதாகரன் நிமிர்ந்தார். “அழிக்கிறதோ? அது போன திட்டத்தின்ர. கணக்குப் பாக்க ஒடிட்காரங்க வந்தா எதக் காட்டுற?”

“ஒரு வேலைக்கும் உதவாதத ஏன் காட்டுற?”

“வேலை செய்யுதோ எண்டு அவங்க கேக்கமாட்டாங்க. இருக்கோ எண்டுதான் கேப்பாங்க.”

அலுவலக வழக்கம் அது. திட்டத்தின் ஸ்டிக்கர் ஒட்டிய எதையும் எறிவதில்லை. காலில்லாத கதிரை, செத்துப்போன போட்டோகொப்பி மெசின் எல்லாம் மரியாதையோடு நிற்கின்றன. புதிய திட்டம் வந்து பக்கத்திலேயே புதிதை வைக்கும். கூரையில் தண்ணீர்த் தாங்கி இரண்டு. ஒழுகுகிற தாங்கிக்குத்தான் ஸ்டிக்கர் பெரிது.

“அப்ப கதிர்காமத்தம்பி ஐயாட வேளாண்மைக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விடுங்க சேர்,” என்றார் சர்மிலா. “அழுகினாலும் பத்திரமா இருக்கும்.”

சுதாகரன் தேநீர் குடிக்கப் போனார். சர்மிலா பழைய கட்டளையைக் கடதாசியில் அச்சடித்தார். பிறகு தரவுத்தளத்திலிருந்து நீக்கினார். மறுபடி ஓடவிட்டதும் மூழ்கிய வயல்கள் நீலமாக விரிந்தன. படம் கூட்டத்துக்குப் போனது.

பொழுதுபடக் கதிர்காமத்தம்பி மறுபடி தொலைபேசியில் வந்தார். “வெட்டுறாங்க மகள். மணல் அள்ளுற பெக்கோ மெசின் இறங்கிட்டு.”

மறுநாள் சுதாகரன் கேட்ட முதல் கேள்வி, பழைய கட்டளை எங்கே என்பது. செத்த மெசினின் ஸ்டிக்கரை உரித்து, அச்சடித்த தாளில் ஒட்டி, அந்த மெசின் மேலேயே வைத்திருந்தார் சர்மிலா. அவர் எதிர்பார்த்தது ஒரு சண்டை; பதிலும் தயாராக இருந்தது.

சுதாகரன் தாளை எடுத்துப் பார்த்தார். ஸ்டிக்கரைத் தடவினார்.

“ஆ, இருக்குத்தானே,” என்று திருப்தியாகப் போய்விட்டார்.

சர்மிலாவுக்கு இப்போதுதான் உண்மையில் கோபம் வந்தது.