இரண்டாவது சிடி

எங்கள் வீட்டுப் பழைய பிளேயருக்குள் சிடி சுற்றத் தொடங்கினால் முதலில் மெல்லிய விசில், பிறகு தொண்டையைச் செருமுவது போல் இரண்டு கரகரப்பு, அதற்கப்புறம்தான் படம் வரும். போன வாரம் மன்னார்புரத்தில் எங்கள் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, பதினாறு வருடங்களுக்குப் பிறகு அந்தச் சத்தம் என் காதுக்குள் கேட்டது. நான் வேலை பார்ப்பது குழந்தைகளுக்கு அனிமேஷன் படம் எடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில். எத்தனை நாளைக்குத்தான் யானைப் பாட்டும் முயல் பாட்டும் எடுப்பது, பழைய துன்பியல் கதைகளை எடுப்போம் என்று நச்சரித்தவள் நான்தான். சிறுவயதில் பார்த்த ஒரு ராஜா கதையை நினைவிலிருந்து எழுதிக் கொண்டுபோய் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார். “எல்லாம் நல்லா இருக்குங்க. கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் தூக்கிடுங்க. ராஜாவை எப்படியாவது கரை சேத்துடுங்க. பிள்ளைங்க பாவம்ல?” என்றார். அவர் சொன்ன முடிவை நான் பதினோரு வயதிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. இந்தப் படத்தை அதன் பழைய முடிவோடுதான் எடுக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது அந்த நொடியில்தான்.

அந்தப் படத்தை அப்பாதான் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் வாங்கி வந்தார். ஏதோ ஒரு நாட்டின் பழைய நாடகத்தைக் கார்ட்டூனாக்கித் தமிழில் பேச வைத்திருந்தார்கள். ராஜா மதுரைக்காரர் மாதிரியும் ராணி செய்தி வாசிப்பவர் மாதிரியும் பேசுவார்கள். எதிர்க்கரை ஊர் வெள்ளத்தில் மூழ்குகிறது, படகோட்டி வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்காமல் ராஜா தனியாகப் படகில் ஏறுகிறார், இந்தக் கரையில் அவருடைய இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர் துடுப்பைக் கையில் எடுக்கும்போது முதல் சிடி முடிந்து டிவி முழுக்க வெறும் நீலமாகிவிடும். என் தம்பி ஜெரோமுக்கு அப்போது ஏழு வயது. நீலம் வந்ததும், “ஆறு வந்துடுச்சு” என்பான். ராஜா அதற்குள் எங்காவது தெரிவார் என்று, அம்மா வந்து டிவியை நிறுத்தும்வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான்.

“பார்ட் டூ எங்கம்மா?” என்றால், “ஒண்ணுதான்டா குடுத்தான். அவ்வளவுதான் படம்” என்பார் அம்மா. அம்மா பள்ளிக்கூட டீச்சர். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் எங்களை முட்டி வலிக்க மண்டியிட வைப்பவர், ஒன்றைக்கூடத் தாண்ட விடமாட்டார். அப்படிப்பட்டவர்தான் இரண்டாவது சிடியைத் தையல் மிஷின் டிராயரில், நூல் சுற்றிய பாபின்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். அது அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட வருடம். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் கூடத்துக் கட்டிலில் படுத்தபடியே எங்களோடு அந்த முதல் பாதியை அவரும் எத்தனையோ முறை பார்த்தார்.

காய்ச்சலென்று பள்ளிக்குப் போகாத ஒரு நாள், அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, பொம்மைக்குச் சட்டை தைக்க நூல் தேடிய நான் அந்த சிடியைக் கண்டுபிடித்தேன். போட்டுப் பார்த்தேன். படகு கவிழ்கிறது. துடுப்பு மட்டும் மிதந்து வருகிறது. பிள்ளைகள் இரண்டும் பொழுது சாயும்வரை கரையில் நின்றுவிட்டு, படியேறி வீட்டுக்கு நடக்கிறார்கள். அவ்வளவுதான். சிடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஜெரோம் வழக்கம்போல ஆரம்பித்தான். “அக்கா, ராஜா என்னக்கா ஆயிருப்பாரு?”

கட்டிலில் அப்பா கண்ணை மூடியபடி இருந்தார். “அந்தக் கரையில ஏறிட்டாரு. அங்க வேலை நிறைய இருக்குல்ல, முடிச்சிட்டு ஒரு நாள் வந்துடுவாரு” என்றேன்.

“பார்ரா. எனக்கு இது தெரியாமப் போச்சே” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. அவர் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்திருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் அப்பா இறந்துபோனார். அடக்கத்தன்று ஜெரோம் அழவில்லை. வந்தவர்கள் எல்லாம் அவனைத் தைரியசாலி என்றார்கள். அவன் ஏன் அழவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். எங்கள் காட்டூர் வீட்டில் இருக்க முடியாமல், அம்மா எங்களை ஸ்ரீரங்கத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு அழைத்துப் போனார். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் அவன் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான்.

ஆடி அமாவாசையன்று காலையில் அவனைக் காணவில்லை. அம்மாவும் சித்தியும் தெருத் தெருவாக ஓட, நான் மட்டும் நேராகக் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்கு ஓடினேன். அந்த வருடம் நல்ல தண்ணீர். படித்துறை முழுக்க ஈர வேட்டியும் வாழை இலையும் எள்ளுமாகக் கூட்டம். கடைசிப் படியில், காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, நாமம் போட்ட ஒரு பெரியவர் பக்கத்தில் ஜெரோம் உட்கார்ந்திருந்தான்.

“அக்காவாம்மா நீ? கார்த்தாலேர்ந்து இங்கேயே உக்காந்திண்டிருக்கான். யாருடா வராங்கறேன், அப்பா வராருங்கறான்” என்றார் அவர்.

ஜெரோம் என் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னான்: “நம்ம மட்டும் இல்லக்கா. இவங்க எல்லாருமே அப்பாவுக்காகத்தான் வந்திருக்காங்களாம். இந்தத் தாத்தாவோட அப்பா போயி நாப்பது வருசமாச்சாம். வருசா வருசம் வந்து பாக்குறாராம்.”

அந்தப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. “ராஜா வரலடா” என்றேன். “பார்ட் டூ இருக்கு. நான் பாத்துட்டேன். அவரு முங்கிப் போயிட்டாரு.”

“எப்ப பாத்த?”

“அப்பா இருக்கும்போதே.”

“அப்ப ஏன் வந்துடுவாருன்னு சொன்ன?”

நான் கையை நீட்டினேன். அவன் எழுந்தான். நீட்டிய கையைப் பிடிக்காமல், எனக்கு நான்கு படி முன்னால், கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறிப் போனான். சித்தி வீட்டு வாசலில் நின்ற அம்மாவிடம் அவன் கேட்டது அந்த சிடியைத்தான். “இல்லப்பா. அடக்கம் முடிஞ்ச அன்னைக்கே உடைச்சுப் போட்டுட்டேன்” என்றார் அம்மா. ஜெரோம் அழுதது அப்போதுதான்.

அந்த முடிவை அவன் இன்றுவரை பார்த்ததில்லை. நான் சொல்லித்தான் தெரியும், நானோ ஒருமுறை பொய் சொன்னவள். இன்றைக்கும் நான் எதைச் சொன்னாலும், “நெஜமாவா, இல்ல பார்ட் டூவா?” என்று கேட்பான். சிரித்துக்கொண்டேதான் கேட்பான். ஆனால் பதில் வரும்வரை பார்வையை எடுக்கமாட்டான்.

மெயின்கார்டு கேட் நடைபாதையில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன. பிளேயர் எப்போதோ பழைய சாமானோடு போய்விட்டது. இன்றைய டிவி எதுவும் அப்படி நீலமாவதில்லை, படம் நின்றால் அடுத்த படம் தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் படத்தை இணையத்தில் எங்கெங்கோ தேடிவிட்டேன், உறையின் புகைப்படம்கூடக் கிடைக்கவில்லை. முதலாளி எனக்கு ஒரு வாரம் கொடுத்திருக்கிறார். என் முடிவை வரைந்து காட்ட வேண்டும், அவருக்குப் பிடிக்காவிட்டால் ராஜா கரை சேர்ந்துவிடுவார்.

நேற்று கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஜெரோமுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

“ராஜா வர்றாரா?” என்று கேட்டான்.

“வரல.”

“பார்ட் டூ இல்லயே?”

“இல்லடா.”

“அப்ப மொதல்ல எனக்கு அனுப்பு. உங்க சாருக்கு அப்புறம் காட்டிக்க” என்றான்.

படகு, வெள்ளம், துடுப்பு எல்லாம் வரைந்தாயிற்று. கடைசிக் காட்சியை நாளை தொடங்க வேண்டும். அதில் பிள்ளைகள் எப்படி நடந்தார்கள் என்பது அந்தக் கார்ட்டூனிலிருந்து எனக்குச் சரியாக நினைவில்லை. சின்னவனை முன்னால் விடப்போகிறேன். நான்கு படி பின்னால், நீட்டிய கையை மடக்கிக்கொள்ளத் தெரியாமல், பெரியவள்.