கூழைக்கடாக்களுக்குக் கீழே ஒரு படகு

கூழைக்கடா தண்ணீரிலிருந்து எழும் ஒரு கணத்துக்காகப் பல பருவங்கள் பழவேற்காட்டு ஏரியில் அலைந்தேன். அத்தனை பெரிய உடலைத் தூக்க அது நீரைக் கால்களால் உதைத்து ஓடும், இறக்கை விரியும், நான் பொத்தானை அழுத்துவேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் வாலும் கொஞ்சம் தண்ணீரும்தான் இருக்கும். பொன்னேரிக் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதுவரை டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் படமெடுத்துப் பழகியிருந்தேன். கல்லறை அசையாது. பறவையோ என்னை மூடனாக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

ஏரிக்குள் என்னைக் கூட்டிப்போனவர் பசியாவரத்துப் படகுக்காரர். தன் பாடு இல்லாத நாட்களில் மட்டும் வருவார். நல்ல மீன் விழும் துறைகளில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வகுக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். அடுத்தவர் பாட்டில் வலை வைப்பது திருட்டைவிடக் கேவலம்.

"எங்க மீன துன்ற கடாவுக்குப் போட்டோ புடிக்கறே. என் மூஞ்ச ஒரு தபா புடிச்சிக்கீறியா சாரே?" என்று சீண்டுவார்.

காணும் பொங்கல் காலையில், அவர் படகில் உட்கார்ந்தபடி, ஒருவழியாக ஒரு நல்ல படம் எனக்குக் கிடைத்தது. ஒரு துறைக்கு அடையாளமான கோணல் பனைக்கு நேரே கூழைக்கடாக்கள் வரிசையாகப் பறந்தன. முதன்முறையாக இறகு நுனிவரை தெளிவு. ஆனால் வானம் சாம்பல். கீழே பாதிப் படம் வெறும் தண்ணீர். கணினியில் வானத்துக்கு வெளிச்சம் ஏற்றினேன். இறக்கையடியில் கருமையைக் குறைத்தேன். மனம் ஆறவில்லை. வேறொரு நாள், வேறொரு துறையில் அவர் வலை கட்டும்போது கரையிலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. அதிலிருந்து அவரையும் படகையும் வெட்டிப் பறவைகளுக்குக் கீழே ஒட்டினேன். நீரில் நிழலும் வரைந்தேன். பொன்னேரிப் புகைப்படக் கண்காட்சியில் அதற்கு முதற்பரிசு. 'கோணல் பனைத் துறை, காணும் பொங்கல் காலை' என்ற வரியை எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

அன்றைக்கு அந்தத் துறை எதிர்த்தெருக்காரர்களின் பாடு. படம் செய்தித்தாளில் வந்த வாரமே, அடுத்தவர் பாட்டில் வலை கட்டினார் என்று படகுக்காரர்மேல் பஞ்சாயத்து கூடியது.

"யோவ், அன்னிக்கி நான் வலயே எடுத்துனு போவல. என் படகுல குந்திக்கினுதான் சாரு படம் புடிச்சாரு. அப்புறம் அந்தப் படகு எப்பிடியா படத்துக்குள்ள வரும்?" என்றார் அவர்.

"படகுக்கும் றெக்க மொளச்சிச்சா மாமா?" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது.

பஞ்சாயத்துப் பெரியவர் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு சாரே, படத்துல கீறது நெசந்தானே?" என்றார்.

வெட்டி ஒட்டிய படத்துக்குப் பரிசில்லை என்பது கண்காட்சி விதி. உண்மை தெரிந்தால் பொன்னேரியில் தலைகாட்ட முடியாது. அதைத்தான் நினைத்தேன், வேறெதையும் நினைக்கவில்லை. "நான் எடுத்த படம்தான்" என்றேன். படகுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பாட்டைப் பறித்தார்கள். துறையில் என்னை வழிமறித்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். "அடுத்த தபா என்னிய வானத்துல ஒட்டிடு சாரே. அங்க பாடு கேக்க ஆளில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூலிக்குச் சேர்ந்தார். ஏரியில் மறுபடி வலை கட்டவேயில்லை. கடந்த மழைக்காலத்தில் இறந்துபோனார்.

அதன்பிறகே எனக்குத் துணிவு வந்தது. கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள் போனபின் வந்ததைத் துணிவு என்று சொல்வதுகூடத் தப்பு. பரிசு வாங்கிய படத்தையும் மூலப் படங்கள் இரண்டையும் செல்போனில் ஏற்றிக்கொண்டு பசியாவரம் போனேன். பழைய பெரியவர்கள் யாருமில்லை. இப்போதைய தலைவர் இளைஞர். நடந்ததை முழுக்கச் சொல்லி, மகனுக்காவது பாட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"அவன் துறைமுக கேட்டுல டூட்டி பாத்துனுகீறான். வலயக் குடுத்தா எந்தப் பக்கம் புடிக்கறதுனு கேப்பான் சாரே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிறகு விரல்களால் பரிசுப் படத்தைப் பெரிதாக்கி, படகின் ஓரத்தை உற்றுப் பார்த்தார். "ஆனா ஒட்டே தெரியல சாரே. செமயா பண்ணிக்கீறே!"

போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. எல்லோரும் பாராட்டினார்கள். வசவு வாங்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன், ஒருவர்கூட வையவில்லை.