ஒரே பாயில் படித்த அப்பாவும் மகளும்

காலையில் எழும்பும்போதே களைத்துப்போயிருக்கும் அம்மாமாருக்காக இதைச் சொல்கிறேன். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் அம்மாமார் நம்முடைய செபக் கூட்டத்தில் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு என் கதை புதிதாக இராது. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் மன்னார்ப் பக்கம் வங்காலையில் இருக்கிறேன். என் கணவர் கடற்தொழில் செய்கிறவர். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ரொஷானி இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வரத் தொடங்கியது. வகுப்பில் விழுந்தாள். பள்ளிக்கூட முற்றத்தில் விழுந்தாள். ஒருமுறை தண்ணீர்க் குழாயடியில் விழுந்து நெற்றி பிளந்தது. மருந்து சரிவரும் வரைக்கும் பிள்ளையைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கச் சொன்னார் டொக்டர். பள்ளிக்கூட அதிபர் நல்ல மனுசி. "பேர் வகுப்பு இடாப்பில இருக்கட்டும். நீங்கள் வீட்டில வைச்சுப் படிப்பியுங்கோ அம்மா. புத்தகங்கள் நான் தாறன்" என்றார்.

அப்படித்தான் நான் ஆசிரியை ஆனேன். சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில் ஒரு பாய். அதுதான் எங்கள் வகுப்பு. இவர் கடலால் வரும் நேரத்துக்குச் சாப்பாடு இருக்க வேண்டும். வலையில் சிக்கிய மீனைக் கழற்றவும் போக வேண்டும். சின்னவள் தவழ்ந்து வந்து கொப்பியைக் கிழிப்பாள். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன்.

வேலையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என்னை உடைத்தது வேறு. வலிப்பு பெரிதாக வந்து போனால், ரொஷானி படித்ததில் பாதி அவளோடு இராது. நேற்று வாசித்த வரியை இன்று திகைத்துப் பார்ப்பாள். "அம்மா, போயிட்டுது" என்று சொல்லி அழுவாள். நான் திரும்பவும் அகரத்தில் தொடங்குவேன். சில கிழமை போகும். திரும்பவும் வலிப்பு. திரும்பவும் அகரம். "பள்ளிக்கூடம் போகாத பிள்ளை என்னத்தைப் படிக்கப் போகுது?" என்று ஊரில் கேட்டார்கள்.

அந்த நாட்களில் என் செபம் சுருங்கிப்போனது. செபமாலையைக் கையில் எடுத்தால் இரண்டாம் பத்து மணி முடிவதற்குள் நித்திரையாகிவிடுவேன். அதனால் பானையைக் கழுவும்போதும் உடுப்புக் காயப்போடும்போதும் ஒன்றையே சொன்னேன். ஆண்டவரே, எனக்குத் தனிய ஏலாது. யாரையாவது அனுப்பும். ஒரு ரீச்சர் வருவா என்று நினைத்தேன். கன்னியர் மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வருவா என்று நினைத்தேன். ஒருவரும் வரவில்லை.

போன மாரியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பனடோல் போட்டுக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தேன். பிறகு ஒரு காலை உலை வைக்கப் போனவள் அடுப்படியிலேயே விழுந்துவிட்டேன். மன்னார் ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். தோட்டவெளி ஊரில் இருக்கும் என் தங்கச்சி வந்து என்னோடு நின்றாள். இரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, தங்கச்சியை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

சாவுக்கு நான் பயப்படவில்லை. ரொஷானியை நினைத்துத்தான் பயந்தேன். அவளுக்கு யார் நேரத்துக்கு மருந்து கொடுப்பது? யார் திரும்பத் திரும்ப அகரம் சொல்லிக் கொடுப்பது? கண்ணீர் காதுக்குள் வழிய, கட்டிலில் கிடந்தபடி கேட்டேன். ஒரு ஆளைக் கேட்டேனே ஆண்டவரே, நீர் ஏன் அனுப்பவில்லை?

அந்த நேரம் எங்கள் வீட்டில் நடந்ததைப் பிறகுதான் இவரும் ரொஷானியும் சொன்னார்கள்.

இவர் கடலுக்குப் போகாமல் பிள்ளைகளோடு நின்றிருக்கிறார். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்ததில் இவருடைய படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. பேரை எழுதுவார். பஸ் போர்ட்டை எழுத்துக் கூட்டிப் பார்ப்பார். அவ்வளவுதான். நான் பாடம் சொல்லிக் கொடுக்கும் நேரங்களில் வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். அலுப்பில் போகிறார் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அந்த நாட்களில் ஒருநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் ரொஷானி பாயை விரித்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, இண்டைக்குப் பாடம் இல்லையோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"அப்ப நான் சொல்லித் தாறன். இருங்கோ."

இவர் இருந்திருக்கிறார். அவள் சொல்ல இவர் எழுதியிருக்கிறார். இவருடைய எழுத்தைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள். எங்கள் வீட்டுப் பாடத்தில் அவள் சிரித்ததை நான் கண்டதே இல்லை.

மத்தியானம் அவளுக்கு வலிப்பு வந்தது. பெரிய வலிப்பு. பிள்ளையைச் சரித்துப் படுக்க வைத்து, கதிரையைத் தள்ளிவிட்டு, தலைக்குக் கீழே சாரத்தை மடித்து வைத்துப் பக்கத்திலேயே இருந்தாராம். சின்னவள் வீரிட்டு அழுதாளாம். புயலில் படகோடு அடிபட்ட மனிதர், அன்றைக்குத்தான் பயந்தேன் என்று என்னிடம் சொன்னார்.

அவள் நித்திரையாகி எழும்பினாள். புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். "அப்பா, போயிட்டுது" என்று அழத் தொடங்கினாள்.

இவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "எனக்கும் போயிட்டுது பிள்ளை" என்றார். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்ன பொய் அல்ல அது. பயத்தில் இவருக்கும் எல்லாம் மறந்துபோயிருந்தது. "வா, ரெண்டு பேருமா முதல்ல இருந்து பாப்பம்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தாளாம். தன்னைப்போல மறக்கிற இன்னொரு ஆள் உலகத்தில் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அவள் கண்டிருப்பாள்.

எனக்குப் பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் நன்றி, ஆண்டவருக்கு நன்றி. தங்கச்சி என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது கதவு திறந்திருந்தது. அப்பாவும் மகளும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொஷானி விரல் வைத்து வாசித்தாள். இவர் பின்னால் வாசித்தார்.

"அப்பா, அது 'ள' இல்லை. 'ழ'. வடிவாப் பாருங்கோ."

"ஓம் ரீச்சர்."

நான் வாசலிலேயே இருந்துவிட்டேன். 

பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு இவரிடம் கேட்டேன். "நீங்கள் ஏன் முந்தியே பாயில வந்து இருக்கேல்லை?"

"நீ கேக்கேல்லையே. நான் வந்து என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது எண்டு எனக்கு வெக்கமா இருந்தது."

நானும் கேட்கவில்லைதான். கடலில் களைத்து வரும் மனிதர், அவரிடம் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். யாராவது வருவார்கள் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரோ அனுப்ப வேண்டிய ஆளை எனக்கு முன்னமே தந்திருந்தார். நான் கட்டிலில் விழுந்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

ரொஷானிக்கு வலிப்பு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மருந்தை மாற்றிய பிறகு குறைந்திருக்கிறது. வரும்போது இன்னமும் சிலதைக் கொண்டுபோகிறது. ஆனால் அவள் அதற்காக இப்போது அழுவதில்லை. இவர் கடலால் வந்து குளித்துவிட்டுப் பாயில் வந்து இருக்கிறார். அந்த நேரம் நான் சின்னவளோடு சரிந்து படுக்கிறேன். களைப்பு இன்னமும் இருக்கிறது சகோதரிகளே, அது போகவில்லை. ஆனால் இப்போது நான் தனிய இல்லை.

போன ஞாயிறு வீட்டுச் செபத்தில் இவர் முதல்முறையாக நற்செய்தியை வாசித்தார். இடையிடையே நின்றார். ரொஷானி விரலால் காட்டிக்கொடுத்தாள். நாங்கள் காத்திருந்தோம். வாசித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு உங்களால் முடியாவிட்டால் அதை ஆண்டவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நீண்ட செபம் வேண்டாம், பானை கழுவும்போது சொன்னாலும் அவர் கேட்கிறார். சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுக்குள் இருக்கிறவர்களின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அவர்களில் ஒருவர், தன்னைக் கூப்பிட மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கலாம்.